கட்டி கல்லீரலில், தொடக்கம் இரைப்பையில்

ஒருவருக்குப் பசி குறைந்து, எடை இறங்கி, மேல்வயிற்றில் மந்தமான வலி என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனில் கல்லீரல் முழுக்க நான்கைந்து கட்டிகள். ரத்தப் பரிசோதனையில் ஏ.எஃப்.பி. என்கிற புரதம் மில்லிலிட்டருக்கு 5,000 நானோகிராம். ஆரோக்கியமான பெரியவருக்கு அது பொதுவாக 10-ஐத் தாண்டாது. இந்த இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது கல்லீரல் புற்றுநோய்தான். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஆனால் அவருக்கு ஹெபடைடிஸ் பி இல்லை, சி இல்லை, கல்லீரல் சுருக்கம் இல்லை, குடிப்பழக்கம் இல்லை, கொழுப்புக் கல்லீரலும் இல்லை என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கெனவே பல ஆண்டுகளாகப் புண்பட்டுக் கிடக்கும் கல்லீரலில்தான் முளைக்கும். நல்ல கல்லீரலில் திடீரென்று பல கட்டிகள், கூடவே வானத்தைத் தொடும் ஏ.எஃப்.பி. என்றால், நோய் வேறு எங்கோ தொடங்கி இங்கே வந்து சேர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று இரைப்பை. அங்கே தோன்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் கல்லீரல் திசுவைப் போலவே தெரியும் ஒரு புற்றுநோய் இருக்கிறது. மருத்துவத்தில் அதன் பெயர் ஹெப்படாய்டு அடினோகார்சினோமா. ஹெப்படாய்டு என்றால் கல்லீரல் போன்றது, அடினோகார்சினோமா என்றால் சுரப்பிச் செல்களில் தோன்றும் புற்றுநோய்.

எவ்வளவு அரிது? இரைப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 0.3 முதல் 1 சதவீதம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உலகம் முழுக்க 2022-ல் புதிதாக இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 9.7 லட்சம் பேர். அதில் இந்தப் பங்கைப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சில ஆயிரம் பேர் வரும். ஒரு மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதும் ஒன்றிரண்டு பேரைப் பார்த்தாலே பெரிது. இந்த அரிதுத்தன்மைதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். நினைவுக்கு வராத நோயை யாரும் தேடுவதில்லை.

பெரும்பாலும் அறுபது வயதையொட்டியவர்களுக்கும் அதைக் கடந்தவர்களுக்கும், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகமாகவும் வருகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதி, அதாவது சிறுகுடலை நோக்கிப் போகும் முனை, இது அதிகம் தென்படும் இடம். அறிகுறிகளில் தனித்துவம் எதுவும் கிடையாது: வயிற்று வலி, சோர்வு, ரத்தசோகை, கறுப்பாக மலம் போவது, எடை குறைவது. சாதாரண இரைப்பைப் புற்றுநோய்க்கும் இதே பட்டியல்தான் என்பதால் அறிகுறியை வைத்து ஒன்றையும் பிரிக்க முடியாது.

இரைப்பைக்கு எப்படிக் கல்லீரல் முகம் வந்தது?

இதைப் புரிந்துகொள்ளக் கருவுக்குள் போக வேண்டும். கரு உருவான நான்காவது வாரத்தையொட்டி, குழந்தைக்கு என்று தனியாக இரைப்பையோ கல்லீரலோ இருக்காது. இருப்பது ஒரு குழாய். அதன் முன்பகுதியை முன்குடல் என்கிறார்கள். அந்தக் குழாயின் ஒரு பகுதி விரிந்து இரைப்பையாகும். அதற்குச் சற்றுக் கீழே, முன்பக்கச் சுவரிலிருந்து ஒரு மொட்டு கிளம்பும், அதுதான் கல்லீரல். மொட்டு கிளம்ப வேண்டும் என்ற உத்தரவு பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் இதயத் திசுவிலிருந்து வேதிச் சமிக்ஞையாக வருகிறது. அந்தச் சமிக்ஞை எட்டிய செல்கள் கல்லீரலாகின்றன, எட்டாதவை குடல் பாதையிலேயே தொடர்கின்றன. ஆக, இரைப்பையும் கல்லீரலும் ஒரே மூலத் திசுவிலிருந்து பிரிந்த உறுப்புகள்.

பிரிந்த பிறகும் இரண்டு உறுப்புகளின் செல்களுக்குள்ளும் இருக்கும் மரபணுத் தொகுதி ஒன்றேதான். இரைப்பைச் செல்லுக்குள்ளும் கல்லீரலுக்கான குறிப்புகள் முழுமையாக இருக்கின்றன. அவை பூட்டிய அறைகளைப் போல மூடிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். புற்றுநோயாகும்போது செல்லின் கட்டுப்பாடு குலைகிறது. அந்தக் குலைவில் சில சமயம் இந்தப் பூட்டுகளும் திறந்துகொள்கின்றன. அப்போது இரைப்பைச் செல் பெரியவரின் கல்லீரல் செல்லாக மாறுவதில்லை. கருவில் இருந்த கல்லீரலின் போக்கைத்தான் அது ஏற்கிறது. இந்த வேறுபாடு முக்கியமானது. பின்னால் நோயைக் கண்டுபிடிக்கும் சாயங்கள் எல்லாம் இதை நம்பித்தான் நிற்கின்றன.

ஏ.எஃப்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கருவின் ரத்தத்தில் இப்படி ஒரு புரதம் ஓடுகிறது என்று 1956-ல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ராண்ட், ட்சார் என்ற இருவர் கண்டார்கள். கருவுக்கு ஆரம்பத்தில் துணைநிற்கும் மஞ்சட்கருப் பை முதலில் இதைத் தயாரிக்கும். பிறகு அந்த வேலையைக் கருவின் கல்லீரல் எடுத்துக்கொள்ளும். கருவின் குடல் பாதையும் கொஞ்சம் சுரக்கும். கருவுக்கு மூன்று மாதம் ஆகும் சமயத்தில் அளவு உச்சத்துக்குப் போகும், மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் நானோகிராம் வரை. பிறக்கும்போது பல்லாயிரங்களுக்கு இறங்கி, ஓரிரு வயதுக்குள் பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடும். ஆயுள் முழுக்க அப்புறம் அது அடங்கியே கிடக்கும்.

அடக்கி வைப்பவை சில கட்டுப்பாட்டுப் புரதங்கள். கல்லீரலில் இசட்.பி.டி.பி.20, இசட்.எச்.எக்ஸ்.2 ஆகியவை பிறப்புக்குப் பிறகு ஏ.எஃப்.பி. மரபணுவை மூடும் வேலையைச் செய்கின்றன. ஏ.டி.பி.எஃப்.1 என்று இன்னொன்று உண்டு. ஏ.எஃப்.பி. சுரக்கும் இரைப்பைப் புற்றுநோய்ச் செல்களில் இந்த ஏ.டி.பி.எஃப்.1 காணாமல் போயிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் கவனித்தார்கள். காவல் இல்லாத இடத்தில் பழைய மரபணு தானாகப் பேச ஆரம்பிக்கிறது.

புற்றுநோய்க்கும் இந்தப் புரதத்துக்கும் உள்ள தொடர்பு 1963-ல் மாஸ்கோவில் வெளிப்பட்டது. கல்லீரல் கட்டி உள்ள எலிகளின் ரத்தத்தில் கருவின் புரதம் மறுபடியும் தலைகாட்டுவதை காரி ஆபெலெவ் குழு கண்டது. அடுத்த ஆண்டே யூரி டாடாரினோவ் மனிதக் கல்லீரல் புற்றுநோயில் அதையே காட்டினார். ஏ.எஃப்.பி. என்றால் கல்லீரல் என்ற சமன்பாடு அங்கிருந்து பிறந்ததுதான். ஆனால் அது ரொம்ப நாள் ஒழுங்காக நிற்கவில்லை. 1970-ல் பிரான்ஸில் ஒரு மருத்துவக் குழு, கல்லீரலுக்குப் பரவிய இரைப்பைப் புற்றுநோய் ஒன்றில் ஏ.எஃப்.பி. உயர்ந்திருப்பதைப் பதிவு செய்தது. 1985-ல் ஜப்பானின் இஷிகுரா குழு ஒரு படி மேலே போய், ஏ.எஃப்.பி. சுரக்கும் இப்படிப்பட்ட சில கட்டிகள் வடிவத்திலும் கல்லீரலை ஒத்திருப்பதைக் காட்டி, ஹெப்படாய்டு என்ற பெயரை முன்வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ம் ஆண்டு வகைப்பாடு இதை இரைப்பை அடினோகார்சினோமாவின் ஓர் உட்பிரிவாகவே வைத்திருக்கிறது. வைத்த இடம் சரியான இடம். கல்லீரல் மாதிரி இருந்தாலும் இது இரைப்பைப் புற்றுநோய்தான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட்டுப் போகலாம். ஏ.எஃப்.பி. சுரக்கும் இரைப்பைப் புற்றுநோய் எல்லாம் ஹெப்படாய்டு கிடையாது. கருவின் குடலைப் போல இருக்கும் ஒரு வகையும், மஞ்சட்கருப் பையைப் போல இருக்கும் இன்னொன்றும் ஏ.எஃப்.பி. சுரக்கும். வெளித்தோற்றத்தில் சாதாரணமான அடினோகார்சினோமாவும் சில சமயம் சுரக்கும். திருப்பிச் சொன்னால், ஹெப்படாய்டு கட்டிகளிலும் ஒரு பங்கு ஏ.எஃப்.பி.யே சுரக்காது. பல கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகின்றன. அதனால்தான் ஒரு ஆய்வின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டால் பொருந்துவதில்லை. ஹெப்படாய்டா இல்லையா என்பதை முடிவு செய்வது ரத்த எண் அல்ல, ஸ்லைடில் தெரியும் வடிவம்.

ஸ்லைடில் என்ன தெரிகிறது

பயாப்சித் துண்டை, அதாவது சோதனைக்காகக் கட்டியிலிருந்து எடுத்த திசுவை, பாராஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் மெல்லிசாகச் சீவி, இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். சாதாரண இரைப்பை அடினோகார்சினோமா என்றால் பெரும்பாலும் கோணல்மாணலான குழாய்கள், நடுவே துளைகள். ஹெப்படாய்டு பகுதியில் அந்தக் குழாய்கள் இருக்காது. பெரிய, பலகோணச் செல்கள். உள்ளே நிறைய இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசம். நடுவில் உருண்டையான உட்கரு, அதற்குள் பளிச்சென்று நியூக்ளியோலஸ் என்ற ஒரு புள்ளி. இந்தச் செல்கள் பட்டை பட்டையாக அணிவகுத்து நிற்கும், இடையில் மெல்லிய ரத்தக் குழாய்கள். சில செல்களுக்குள் கண்ணாடி மணி போல உருண்டைகள் தெரியும். சில கட்டிகளில் பித்தநீர்கூடப் பச்சையும் பழுப்புமாகத் தேங்கி நிற்கும். பித்தநீர் உண்டாக்கும் இரைப்பைக் கட்டி! முதன்முறை பார்ப்பவர், துண்டு ஏதோ மாறிவிட்டதோ என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தால் ஆச்சரியமில்லை.

சிக்கல் என்னவென்றால் இந்தக் கட்டி முழுக்க ஒரே மாதிரி இருப்பது குறைவு. மேலே, இரைப்பையின் உள்பக்கச் சளிப்படலத்தில் சாதாரணக் குழாய் வடிவமோ கருக்குடல் வடிவமோ இருக்கும். சுவருக்குள் ஆழமாகப் போகப் போகத்தான் ஹெப்படாய்டு தோற்றம் வரும். நோய் சாதாரணப் புற்றுநோயாகத் தொடங்கி, உள்ளே ஊடுருவும் வழியில் முகம் மாற்றிக்கொள்கிறது என்று நினைக்க இது ஒரு வலுவான காரணம். ஆனால் எண்டோஸ்கோபிக்காரர் கிள்ளி எடுப்பது மேல்தோலைத்தான். இரண்டு மில்லிமீட்டர் துண்டில் சாதாரண அடினோகார்சினோமா என்று ரிப்போர்ட் வரும். பிறகு அறுவை சிகிச்சை நடந்து, இரைப்பை முழுசாக மேசைக்கு வரும்போதுதான் உண்மை தெரியும். எண்டோஸ்கோபியில் ஒரே இடத்தில் ஒன்றிரண்டு துண்டோடு நிற்காமல் பல இடங்களில் எடுப்பது நல்லது என்று சொல்வதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இதற்கு நேர் எதிரான சிக்கல் கல்லீரல் பயாப்சியில் வருகிறது. ஊசி போட்டு எடுத்த மெல்லிய இழையில் ஹெப்படாய்டு பகுதி மட்டும் வந்துவிட்டால், அதையும் உண்மையான கல்லீரல் புற்றுநோயையும் வெறும் தோற்றத்தை வைத்துப் பிரிப்பது மிகக் கடினம். அப்போது நோய்க்குறியியல் மருத்துவர் எதிர்ப்புரதச் சாயங்களை நாடுகிறார். ஒவ்வொரு சாயமும் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டி, அது இருக்கும் செல்லைப் பழுப்பாகக் காட்டும்.

எளிதாக முடிந்துவிடும் என்று தோன்றும், ஆனால் முடியாது. ஏ.எஃப்.பி., கிளைபிகன்-3 ஆகிய இரண்டு புரதங்களுக்கான சாயங்களும் இரண்டு நோய்களிலும் ஒட்டும். ஹெப்பார்-1 என்பது கல்லீரலுக்கே உரிய அடையாளம் என்று நெடுங்காலம் நம்பப்பட்ட ஒன்று. அது உண்மையில் யூரியா சுழற்சியில் வேலை செய்யும் ஒரு மைட்டோகாண்ட்ரிய நொதியைப் பிடிக்கிறது. அந்த நொதி சிறுகுடலிலும் உண்டு. ஆக, ஹெப்பார்-1 ஒட்டியதால் மட்டும் கல்லீரல் என்று முடிவு கட்ட முடியாது. ஹெப்படாய்டு கட்டிகளிலும் அது அங்கங்கே ஒட்டும். ஆர்ஜினேஸ்-1 என்ற இன்னொரு கல்லீரல் நொதிக்கான சாயம் கொஞ்சம் நம்பகமானது, ஆனாலும் முழுமையான ஜாமீன் கிடையாது.

உண்மையில் கை கொடுப்பது எஸ்.ஏ.எல்.எல்.4. கருநிலைத் தண்டுச் செல்களில் வேலை செய்யும் புரதம் இது. பெரியவரின் கல்லீரலில் உறங்கிக் கிடக்கும், கல்லீரல் புற்றுநோயிலும் பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் மங்கலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். ஹெப்படாய்டு இரைப்பைக் கட்டியிலோ உட்கருக்கள் அடர்ந்த பழுப்பாக மின்னும். மேலே சொன்ன கருநிலைக் கதை இங்கே நேரடியாகப் பயன்படுகிறது: இந்தக் கட்டி நடிப்பது பெரியவரின் கல்லீரலாக அல்ல, கருவின் கல்லீரலாக. இதோடு சி.டி.எக்ஸ்.2, சைட்டோகெரட்டின் 19, 20 போன்ற குடல்பாதை அடையாளங்களையும் சேர்த்து வைத்தால் படம் தெளிவாகும். ஒரே ஒரு சாயத்தை நம்பி எழுதப்பட்ட ரிப்போர்ட் என்றால் இரண்டாவது கருத்துக் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு சுவையான வழியும் உண்டு, இப்போது அதிகம் புழக்கத்தில் இல்லை. ஏ.எஃப்.பி. புரதத்தின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி, அதைத் தயாரித்த திசுவைப் பொறுத்து சற்று மாறும். அவரை இனச் செடி ஒன்றின் விதையிலிருந்து பிரித்தெடுக்கும் கான்கனாவலின்-ஏ என்ற புரதம் அந்தச் சங்கிலியைப் பிடிக்கும். கல்லீரல் புற்றுநோய் சுரக்கும் ஏ.எஃப்.பி. பெரும்பாலும் அதோடு ஒட்டிக்கொள்ளும். மஞ்சட்கருப் பை வகைக் கட்டிகளும் இரைப்பைக் கட்டிகளும் சுரப்பதில் ஒட்டாத பங்கு கூடுதல். ரத்தத்தில் ஓடும் புரதமே தான் எங்கிருந்து வந்தேன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறது.

பிறப்பிடத்தைத் தேடுவது ஏன் இவ்வளவு முக்கியம்?

கட்டி எங்கே இருந்தால் என்ன, புற்றுநோய் புற்றுநோய்தானே என்று தோன்றலாம். இல்லை. கல்லீரல் புற்றுநோய்க்கான சிகிச்சைப் பாதையும் இரைப்பைப் புற்றுநோய்க்கான பாதையும் வேறு வேறு. கல்லீரல் புற்றுநோய் என்று தவறாக எடுத்துக்கொண்டால், ரத்தக் குழாய் வழியாகக் கல்லீரல் கட்டிக்கு மட்டும் மருந்து செலுத்தி அடைப்பார்கள், அல்லது கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பார்கள். அந்த நேரம் முழுக்க இரைப்பையில் இருக்கும் மூலக் கட்டி தன்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். மறுபக்கம், ஹெர்-2 என்ற வளர்ச்சிப் புரதம் கட்டியில் மிகுந்திருக்கிறதா என்பது போன்ற, இரைப்பைப் புற்றுநோயில் வழக்கமாகப் பார்க்கும் பரிசோதனைகள் செய்யப்படாமலே போய்விடும்.

ஒரு நுணுக்கத்தைச் சொல்ல வேண்டும். கல்லீரல் புற்றுநோய், பயாப்சி இல்லாமலே ஸ்கேனை மட்டும் வைத்து உறுதி செய்ய அனுமதி உள்ள அரிதான புற்றுநோய்களில் ஒன்று. ஸ்கேனுக்காகச் செலுத்திய சாயம் தமனிகள் வழியே வந்து சேரும் கட்டத்தில் கட்டி பிரகாசமாகத் தெரிந்து, பிறகு சுற்றுப்புறத் திசுவைவிட மங்கிவிட்டால் அது கல்லீரல் புற்றுநோய் என்று எழுதலாம். ஆனால் இந்தச் சலுகை கல்லீரல் சுருக்கமோ நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். நல்ல கல்லீரல் உள்ளவருக்கு இது பொருந்தாது, காரணம் ஹெப்படாய்டு கட்டியின் கல்லீரல் பரவலும் அதே மாதிரி மின்னி மங்கக் கூடும். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. ஏ.எஃப்.பி. பெரிய எண்ணாக வந்துவிட்டால் அந்த விதியை மறந்துவிடும் ஆபத்துதான் இங்கே இருப்பது. என்னைக் கேட்டால், கல்லீரல் நோய் எதுவும் இல்லாத ஒருவருக்கு ஏ.எஃப்.பி. ஏறிக் கல்லீரலில் கட்டிகளும் இருந்தால், எண்டோஸ்கோபி செய்யாமல் சிகிச்சை தொடங்குவதற்குச் சாக்கே கிடையாது. அரை மணி நேர வேலை அது.

ஏ.எஃப்.பி. ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துவிடக் கூடாது. கர்ப்பத்தில் ஏறும். ஹெபடைடிஸில் கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது ஏறும். விதைப்பை, கருப்பைப் பக்கச் சூலகம் ஆகியவற்றின் சில கட்டிகளில் ஏறும். பரம்பரையாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு எந்த நோயும் இருக்காது.

ஏன் இவ்வளவு முரட்டுத்தனம்

ஹெப்படாய்டு இரைப்பைப் புற்றுநோய் சாதாரண வகையைவிடச் சீக்கிரம் பரவுகிறது. கண்டுபிடிக்கும்போதே நிணநீர்க் கணுக்களுக்கோ கல்லீரலுக்கோ போயிருப்பது அடிக்கடி நடப்பது. பழைய ஆய்வுத் தொகுப்புகளில் ஐந்தாண்டு தாண்டி உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். ஆனால் அந்த எண்களை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். அவை பெரும்பாலும் முற்றிய நிலையில் கண்டவர்கள், பழைய மருந்துகள் மட்டும் கிடைத்த காலத்தவர்கள். ஆரம்பத்திலேயே கண்டு முழுமையாக வெட்டி எடுக்கப்பட்டவர்களின் நிலை இதைவிட நன்றாகவே இருக்கிறது.

கல்லீரலுக்கே போவதற்கு முதல் காரணம் உடலமைப்பு. இரைப்பையிலிருந்து கிளம்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. இரைப்பைச் சிரைகள் போர்ட்டல் சிரையில் சேர்கின்றன, போர்ட்டல் சிரை கல்லீரலுக்குள் நுழைகிறது. கட்டியிலிருந்து உதிரும் செல் முதலில் போய் விழும் சல்லடை கல்லீரல்தான். ஹெப்படாய்டு கட்டியோ சிரைகளுக்குள் புகுவதில் கைதேர்ந்தது. போர்ட்டல் சிரைக்குள்ளேயே கட்டி நீட்டிக்கொண்டு போன நோயாளிகளும் உண்டு. இரண்டாவது, கல்லீரல் போலவே நடந்துகொள்ளும் செல்லுக்குக் கல்லீரலின் மண் ஒத்துப்போகிறது என்ற கருத்து. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இது இன்னும் ஊகம்தான். மூன்றாவதாக, ஏ.எஃப்.பி. நோய் எதிர்ப்புச் செல்களின் வேகத்தைக் குறைக்கிறது என்று சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். கருவைத் தாயின் உடல் அந்நியப் பொருளாகப் பார்க்காமல் இருக்க உதவும் ஒரு குணமாக அது இருக்கலாம். கட்டி அதையே தனக்குக் கேடயமாக்கிக்கொள்கிறது.

மரபணு அளவில் பார்த்தால், இரைப்பைப் புற்றுநோய்களை நான்கு குழுக்களாகப் பிரித்த 2014-ம் ஆண்டின் பெரிய ஆய்வின் பிரிவுகளில் வைத்தால், ஹெப்படாய்டு பெரும்பாலும் குரோமோசோம்கள் நிலைகுலைந்த குழுவில் சேர்கிறது. டி.பி.53 என்ற காவல் மரபணு கெட்டுப்போவது அடிக்கடி தெரிகிறது. 20-வது குரோமோசோமின் நீண்ட கரத்தில் பிரதிகள் பெருகியிருக்கின்றன. கல்லீரல் செல்லை உருவாக்குவதில் பங்குள்ள எச்.என்.எஃப்.4.ஏ. மரபணு அந்தக் கரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹெர்-2 மரபணு பெருகியிருப்பதும் ஒரு பகுதி நோயாளிகளிடம் காணப்படுகிறது. சிகிச்சைக்கு உடனே பயன்படுவது இந்தக் கடைசித் தகவல்.

சிகிச்சை: கல்லீரல் மருந்தா, இரைப்பை மருந்தா?

இந்த நோய்க்கென்றே தனியாக ஒரு சிகிச்சை நெறி கிடையாது. நோயாளிகள் சிதறிக் கிடப்பதால், இரண்டு மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிடும் பெரிய ஆய்வு நடத்துவது ஏறக்குறைய முடியாத காரியம். எனவே நடைமுறையில் இதை இரைப்பைப் புற்றுநோயாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பரவாமல் இருந்தால் இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ, சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களோடு அகற்றுவது. முன்னும் பின்னும் பிளாட்டினம் வகை மருந்து சேர்ந்த கீமோ. கல்லீரலில் ஒன்றிரண்டு கட்டி மட்டும் என்றால், தேர்ந்தெடுத்த சிலருக்கு அதையும் சேர்த்து எடுப்பது உண்டு.

கல்லீரலைப் போல இருப்பதால் கல்லீரல் புற்றுநோய் மருந்து வேலை செய்யாதா என்று நோயாளியின் குடும்பத்தார் கேட்பது நியாயமான கேள்வி. சொராஃபெனிப் போன்றவற்றைத் தனித்தனி நோயாளிகளிடம் முயன்று பார்த்த பதிவுகள் இருக்கின்றன, ஆனால் அதை வைத்து வழக்கமாக்க முடியாது. தோற்றம் ஒத்திருப்பதால் மருந்துக்குப் பதிலும் ஒத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வழியில்லை. ராமுசிருமாப் விஷயம் மட்டும் சற்றுச் சுவாரசியம். புதிய ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் இந்த மருந்து, இரைப்பைப் புற்றுநோயில் இரண்டாம் கட்ட சிகிச்சையாக ஏற்கெனவே உண்டு. கல்லீரல் புற்றுநோயில் அது ஏ.எஃப்.பி. 400-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே பலன் தந்தது. ஏ.எஃப்.பி. சுரக்கும் கட்டிகள் ரத்தக் குழாய்களை அதிகமாக இழுத்துக்கொள்பவை என்பதால், இரைப்பையிலும் இது கூடுதலாக உதவுமா என்று பார்க்கிறார்கள்.

ஹெர்-2 இருந்தால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்க்கலாம். இரைப்பைப் புற்றுநோயில் அதன் பலனை நிறுவிய ஆய்வு 2010-ல் வந்தது. நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பி.டி.-1 தடுப்பு மருந்துகளை கீமோவோடு சேர்ப்பது இப்போது முற்றிய இரைப்பைப் புற்றுநோயில் பரவலான வழக்கமாகிவிட்டது. ஹெப்படாய்டு நோயாளிகளிலும் இந்தக் கூட்டுக்கு நன்றாகப் பதில் கிடைத்த பதிவுகள் வருகின்றன. சீனாவில் பி.டி.-1 மருந்து, ரத்தக் குழாய்த் தடுப்பு மருந்து, கீமோ மூன்றையும் சேர்த்து ஏ.எஃப்.பி. சுரக்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கென்றே ஓர் ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த நோயாளிகளைத் தனியாகப் பிரித்தெடுத்து மருந்து கொடுத்துப் பார்த்ததே பெரிய மாற்றம். கிளைபிகன்-3-ஐக் குறிவைக்கும் செல் சிகிச்சைகள் கல்லீரல் புற்றுநோயில் சோதனை நிலையில் இருக்கின்றன. அந்தப் புரதம் இங்கேயும் இருப்பதால், கல்லீரலோடு உள்ள இந்த ஒற்றுமை உண்மையிலேயே பயன்படப் போவது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிகிச்சைக்குப் பிறகு கண்காணிப்பில் ஏ.எஃப்.பி. நல்ல துணை. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் ஐந்து நாள். கட்டி முழுவதும் அகற்றப்பட்டால் ஐந்து நாளுக்கு ஒரு முறை எண் பாதியாக வேண்டும். 5,000-ல் தொடங்கியவருக்கு ஐந்து வாரத்தில் 40-க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும், ஏழாவது வாரத்தில் 10-க்குள். பாதியில் எங்காவது நின்றுவிட்டாலோ, இறங்கிய எண் மறுபடி ஏறத் தொடங்கினாலோ, ஸ்கேனில் எதுவும் தெரிவதற்கு முன்பே மருத்துவர் உஷாராகிவிடலாம். ஆரம்பத்திலிருந்தே ஏ.எஃப்.பி. சுரக்காத கட்டி உள்ளவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் ஸ்கேனையும் எண்டோஸ்கோபியையும்தான் நம்ப வேண்டும். சில சமயம் மூலக் கட்டி சுரந்தும், திரும்பி வந்தது சுரக்காமலும் இருக்கலாம் என்பதால் எண் நன்றாக இருக்கிறது என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல.

இந்த நோய் என்று ரிப்போர்ட் கையில் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. ஹெப்படாய்டு பகுதி கட்டியில் எவ்வளவு இருக்கிறது, எஸ்.ஏ.எல்.எல்.4 பார்க்கப்பட்டதா, ஹெர்-2, பி.டி.-1 தடுப்பு மருந்தின் பலனை ஊகிக்க உதவும் பி.டி.-எல்.1, டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் மிஸ்மேட்ச் ரிப்பேர் புரதங்கள் ஆகிய மூன்றும் சோதிக்கப்பட்டனவா, சிகிச்சை தொடங்கும் முன் ஏ.எஃப்.பி. எவ்வளவு இருந்தது. கல்லீரல் ஊசி பயாப்சி மட்டும் செய்திருந்தால் எண்டோஸ்கோபி எப்போது என்று கேட்கலாம். பாராஃபின் கட்டைகளையும் ஸ்லைடுகளையும் வாங்கி, இத்தகைய கட்டிகளை அதிகம் பார்க்கும் பெரிய மையத்தின் நோய்க்குறியியல் துறையில் ஒரு முறை காட்டிக்கொள்வதும் வழக்கமான நடைமுறைதான். அதற்காக மறுபடி பயாப்சி எடுக்கத் தேவையில்லை, முன்பு எடுத்த துண்டே போதும்.